நூலில் நூறில் ஒரு பங்கு

பிள்ளை,

நீ அந்த வண்டியை ட்ரெய்லரிலிருந்து இறக்கிய அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். லின்ட்சே பக்கத்துக் கமக்காரர் ஒருவரிடம் வாங்கிவந்த ஹொண்டா டி.ஆர்.எக்ஸ். 300 என்ற நாலு சில்லு வண்டி. 1988 முதல் 2000 வரை விற்ற வகை. குறைந்தது இருபத்தைந்து வருடம் சேற்றிலும் பனியிலும் உழைத்த எஞ்சின் அது. நீலப் புகை தள்ளுகிறது, ஒயில் குடிக்கிறது, குளிர் நாளில் கிளம்ப மறுக்கிறது. "நானே கழற்றிப் பூட்டப் போறன் மாமா" என்றாய். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சந்தோசத்தால்தான்.

என் கண்ணுக்கு இப்போது மைக்ரோமீற்றரின் கோடுகள் பிரிந்து தெரிவதில்லை. ஆனால் நாற்பது வருடத்தில் விட்ட பிழைகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகின்றன. யாழ்ப்பாணத்தில் விட்டவை சில, இங்கே கனடாவில், ஸ்காபரோவில் விட்டவை சில. எந்த போல்ட்டை எந்த வரிசையில் கழற்றுவது என்பதை நீ சர்வீஸ் புத்தகத்தில் படித்துக்கொள்வாய். புத்தகம் சொல்லாதவற்றை இங்கே எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

1. திறக்குமுன், அது ஏன் தேய்ந்தது என்று கண்டுபிடி. கார் எஞ்சின் ஓடிய தூரத்தால் தேயும். இந்த வண்டிகளைப் பெரும்பாலும் தின்பது தூசிதான். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அதற்கு அப்பால் எஞ்சின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். துணியில் மண் நெருடினால் குற்றவாளி கிடைத்துவிட்டான். வடிகட்டிப் பெட்டியில் வெடிப்பு இருக்கும், அல்லது குழாயின் பட்டி தளர்ந்திருக்கும். சிலிண்டரின் செட்டைகளையும் பார். காற்றால் குளிர வேண்டிய எஞ்சினுக்குச் சேறு பூசிக் காய்ந்திருந்தால், அது வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடியது போலத்தான்.

இங்கு வந்த புதிதில் ஒருவருக்குப் புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். ஒரு கோடை முடியுமுன் அதே புகையோடு திரும்பி வந்தார். வடிகட்டிப் பெட்டியின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. முதல் நாளே அங்கே இருந்திருக்கிறது. நோயை விட்டுவிட்டுப் பிணத்துக்கு மருந்து கட்டியிருக்கிறேன். இரண்டாம் தடவை நான் காசு வாங்கவில்லை. அவருடைய முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றம் இருந்தது. கோபமென்றால் மறந்திருப்பேன்.

2. பழைய கஸ்கெற்றைச் சுரண்டும்போது அவசரப்படாதே. அலுமினியத்தில் ஸ்க்ரூ ட்ரைவரால் ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கீறல்வழியே ஒயில் என்றைக்கும் கசியும். பிளாஸ்டிக் சுரண்டி, பொறுமை, கொஞ்சம் எண்ணெய். இவை போதும். சுழலும் கம்பித் தூரிகையைக் கிட்டவும் கொண்டுபோகாதே.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய எஞ்சின்களின் கஸ்கெற்றில் ஆஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம். காய்ந்தபடி சுரண்டினால் அதன் நார் காற்றில் பறக்கும். நுரையீரலுக்குப் போனது திரும்பி வராது. கியூபெக் மாகாணத்தில் ஆஸ்பெஸ்ரஸ் என்ற பெயரிலேயே ஒரு ஊர் இருந்தது. உலகத்துக்கு வெட்டிக் கொடுத்த சுரங்கம் அங்கேதான். 2018 இறுதியில் கனடா அந்தப் பொருளைத் தடை செய்தது. 2020இல் அந்த ஊரும் தன் பெயரை மாற்றிக்கொண்டது. நாங்கள் இளவயதில் ஆஸ்பெஸ்ரஸ் தகட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி, வாயால் ஊதித் தூசு தட்டியவர்கள். என்னோடு வேலை பழகியவர்களில் ஒருவர் மூச்சுக்குத் தவித்துப் போனார். காரணம் எதுவென்று எந்த வைத்தியரும் எழுதித் தரவில்லை. ஆனாலும் நீ நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், முகக்கவசம் போட்டுத்தான் சுரண்ட வேண்டும். இதில் எனக்கு மறுபேச்சு வேண்டாம்.

3. ஒரு கொப்பி வை. பேனாவால் எழுது, பென்சிலால் அல்ல. பென்சிலில் எழுதினால் பிடிக்காத இலக்கத்தை அழிக்க மனம் வரும். மைக்ரோமீற்றர் என்ன காட்டியதோ அதை எழுது. இருக்க வேண்டியது இது என்று நீ நினைக்கும் இலக்கத்தை எழுதாதே. இரண்டும் ஒன்றாக வரும் நாளில் இன்னும் ஒருமுறை அள. ஆசைப்பட்ட இலக்கம் முதல் தடவையிலேயே கிடைத்தால் எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

4. எதை அளக்கிறாய் என்பதை முதலில் மனத்தில் ஏற்று. உன் அப்பப்பா தச்சு வேலை செய்தவர். அவருக்கு நூல் கணக்கு. எட்டு நூல் ஓர் அங்குலம். பலகை ஒரு நூல் கூடினால் சீவிவிடுவார், குறைந்தால் ஆப்பு வைப்பார். நீ கழற்றப்போகும் சிலிண்டரின் விட்டம் 74 மில்லிமீற்றர். அதற்குள் பிஸ்டன் ஓடுவதற்கு விடும் இடைவெளி, எல்லாம் புதிதாக இருக்கும்போது, ஏறத்தாழ 0.03 மி.மீ. அப்பப்பாவின் ஒரு நூலை நூறாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு. உன் தலைமுடியில் பாதிகூட வராது. அந்த இடைவெளி 0.10ஐத் தொட்டால் இந்த மாதிரி எஞ்சின்களுக்கு ஆயுள் முடிந்தது என்று கணக்கு. சரியான எல்லையை உன் வண்டியின் புத்தகத்தில் பார்த்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவை.

அந்த இடைவெளி வெறும் வெளி அல்ல. அதில்தான் ஒயில் குடியிருக்கிறது. குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பருத்துச் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். கூடினால் பிஸ்டன் பக்கவாட்டில் தட்டும், ரிங் நேராக உட்காராது, ஒயில் மேலேறி எரியும். இறுக்கமாக இருப்பதுதான் நல்லது என்று தொடக்கக்காரர் எல்லோரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

5. குளிரை நம்பாதே. இந்த அறிவுரைக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்.

அலுமினியம் சூட்டுக்கு வேகமாக விரியும், இரும்பு அதில் ஏறத்தாழப் பாதி. 74 மி.மீ. பிஸ்டன் பத்துப் பாகை சூடேறினால் சுமார் 0.017 மி.மீ. பருக்கும். இரும்பு உறை போட்ட சிலிண்டரின் துளை அதே சூட்டுக்குச் சுமார் 0.008 விரியும். சின்ன இலக்கம்தானே என்று விடாதே. உன்னிடம் இருக்கும் முழு இடைவெளியே 0.03தான். உலகத்தின் அளவுக் கருவிகள் எல்லாம் 20 பாகை செல்சியஸில் பேசுவதென்று 1931இல் சர்வதேச அளவைக் குழு தீர்மானித்தது. புத்தகத்தில் உள்ள இலக்கமும் அறைவெப்பத்தில் அளப்பவனுக்காக எழுதப்பட்டதுதான்.

எனக்கு அது தெரியாது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஒரே வெயில். காலையில் அளந்தாலும் மாலையில் அளந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. இங்கே என் முதல் மாசி மாதம். மார்க்கம் ரோட்டுக்குக் கிழக்கே ஒரு வீட்டின் பின்னாலிருந்த சூடில்லாத கராஜ், வெளியே மைனஸ் பத்து. சிலிண்டர் இரவு முழுக்க அங்கேயே கிடந்தது. புது பிஸ்டனைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்குள் வைத்திருந்தேன். அதை மேசையிலேயே அளந்துவிட்டு, கராஜுக்குப் போய்ச் சிலிண்டரை அளந்தேன். இடைவெளி 0.006 என்று வந்தது. ஐயோ, இறுகிப் பிடிக்குமே என்று பதறி, கூடுதலாக ஹோன் பிடித்துத் தேய்க்கக் கொடுத்தேன். சிலிண்டர் சுருங்கிக் கிடந்தது, பிஸ்டன் சுருங்கவில்லை, அவ்வளவுதான் விசயம். உண்மையான இடைவெளி சரியாகவே இருந்திருக்கிறது. தேய்த்து முடித்தபோது அது 0.07ஐத் தாண்டிவிட்டது. புது எஞ்சினை முக்கால் வயதோடு பிறக்க வைத்தேன்.

ஆகவே சிலிண்டர், பிஸ்டன், மைக்ரோமீற்றர் மூன்றையும் வீட்டுக்குள் ஒரே மேசையில் ஒரு இரவு ஒன்றாகப் படுக்க விடு. காலையில் அள. அம்மா மேசைக்குச் சண்டை பிடித்தால் நான் கதைக்கிறேன். அளக்கும்போது பிஸ்டனை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்ளாதே, உன் கையின் சூடும் ஒரு இலக்கத்தைக் கூட்டும்.

6. பிஸ்டன் வட்டம் அல்ல. பார்க்க வட்டம் போல இருக்கும், ஆனால் முட்டை போன்ற ஒரு கோணல் வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். பிஸ்டனைக் கோத்துப் பிடிக்கும் பின் (pin) போகும் திசையில் அகலம் குறைவு, அதற்குக் குறுக்கே கூட. மேற்பகுதி கீழ்ப்பகுதியை விடச் சிறியது, ஏனென்றால் நெருப்புப் படுவது அங்கேதான், அங்கேதான் அதிகம் பருக்கும். சூடேறி ஓடும்போதுதான் அது தன் சரியான உருவத்துக்கு வருகிறது. எனவே பின்னுக்குக் குறுக்கே, பாவாடையின் அடியிலிருந்து புத்தகம் சொல்லும் உயரத்தில் அள. அநேகமாகப் பத்து மி.மீ. அளவில் இருக்கும்.

மைக்ரோமீற்றரைத் திருகி இறுக்காதே. முனையில் உள்ள சின்னக் குமிழைப் பிடித்துச் சுற்று. அது டிக் டிக் என்று வழுக்கினால் போதும். கையால் இறுக்கினால் நீ விரும்பும் இலக்கத்தை அது காட்டும். தொடங்குமுன் அதனுடைய அளவுக் கோலை வைத்துச் சரிபார்.

நீ அளக்கப்போகும் மைக்ரோமீற்றர் என் குருவுடையது. 1995 ஐப்பசி 30ஆம் தேதி இரவு, சண்டை நெருங்கி, யாழ்ப்பாணத்து வலிகாமத்து மக்கள் அத்தனை பேரும் மழைக்குள் வெளியேறியபோது பட்டறையில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன். இதை மட்டும் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். செம்மணி வெளி கடக்க விடிந்துவிட்டது. பெட்டியில் அடித்து வைக்காமல், துடைத்து, இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடாமல் வை.

7. சிலிண்டரை ஒரு இடத்தில் அளந்துவிட்டுத் திருப்திப்படாதே. மேல், நடு, அடி. ஒவ்வொன்றிலும் முன்பின்னாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஆறு இலக்கம். மேலே ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்வு அதிகம். அடியில் ரிங் போகாத இடம் ஏறத்தாழப் பிறந்த அளவிலேயே இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சிலிண்டரின் வாழ்க்கைச் சரித்திரம். மிகப் பெரிய இலக்கத்தைத்தான் கணக்குக்கு எடுக்க வேண்டும். சராசரி எடுப்பவன் தன்னையே ஏமாற்றுகிறான். விரல் நகத்தைக் கீழிருந்து மேலே இழுத்துப் பார். மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகம் தட்டி நிற்கிறதென்றால் மைக்ரோமீற்றருக்கு முன்னமே உனக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அள.

8. புது பிஸ்டன் கைக்கு வருமுன் சிலிண்டரைப் போர் பண்ணக் கொடுக்காதே. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 என்று படிப்படியாக வரும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி முன்கூட்டியே துளையைப் பெரிதாக்கிவிட்டு, பிறகு பிஸ்டன் மில்லிமீற்றரில் நூறில் இரண்டு பங்கு குறைவாக வந்தால் என்ன செய்வாய்? வெட்டிய இரும்பை ஒட்ட முடியாது. பிஸ்டனைக் கொண்டுபோய் லேத்காரரின் கையில் கொடு. இந்தப் பிஸ்டனுக்கு இவ்வளவு இடைவெளி என்று தாளில் எழுதிக் கொடு. வாயால் சொல்லாதே. வேலை முடிந்ததும் அவர் முன்னாலேயே அளக்க வேண்டாம், அது மரியாதை இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் அள. பிழை என்றால் போய்த் தணிவாகச் சொல். நல்ல லேத்காரர் கோபிக்கமாட்டார். ஸ்காபரோவின் தொழிற்பேட்டைத் தெருக்களில் அப்படியானவர்களை எனக்குத் தெரியும், உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகம் செய்கிறேன்.

9. ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுமுன் வெறும் ரிங்கைச் சிலிண்டருக்குள் விடு. பிஸ்டனின் தலையால் மெல்லத் தள்ளி நேராக்கு. இரண்டு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார். இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் முறியும். எழுத்துள்ள பக்கம் மேலே. பின்னைப் பிடிக்கும் கிளிப்பைப் பழையதையே திரும்பப் போடாதே, மலிவுச் சாமான் அது. அதை மாட்டும்போது கீழே எஞ்சினின் வாயைத் துணியால் அடைத்துவிடு. கிளிப் ஒருமுறை உள்ளே விழுந்தால் நீ வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய்.

10. இல்லாத காலத்துக் கெட்டித்தனத்தை இருக்கும் காலத்துக்குக் கொண்டுவராதே.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1990இல் மறுபடி சண்டை தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. பொருளாதாரத் தடை. பற்றரி இல்லை, உதிரிச் சாமான் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். தெருவெல்லாம் புகை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் இருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், ரிங்கும் சிலிண்டரும் மாதக் கணக்கில் தேயும். எஞ்சின் தட்டாமல் ஓட அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். அதற்குச் சிலிண்டரின் அடியில் ஒரு கஸ்கெற் வைக்கும் இடத்தில் இரண்டு வைப்போம். கஸ்கெற் எங்கே கிடைத்தது? கலண்டர் மட்டையை எஞ்சின் வாயில் வைத்து, விளிம்பில் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டினோம். சிலிண்டரின் தலைக்குச் செம்புத் தகடு. வெட்டி, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டால் செம்பு மெதுவாகிப் படியும். ஒரு ஹொண்டா எம்.டி. 90 அப்படி மூன்று வருடம் பிரசவத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. அந்தக் கெட்டித்தனத்தில் எனக்கு இன்றும் பெருமைதான்.

அந்தப் பெருமையோடுதான் இங்கு வந்தேன். ஒருநாள் ஒரு வண்டியின் அடிக் கஸ்கெற் கொஞ்சம் மெல்லியதாகத் தோன்றியது. கை பழக்கத்தில் இரண்டு வைத்துப் பூட்டினேன். சிலிண்டர் அரை மில்லிமீற்றர் உயர்ந்தது. அமுக்கம் குறைந்தது, வால்வின் நேரமும் கொஞ்சம் பிசகியது. கோடையில் யாரும் கவனிக்கவில்லை. குளிர்காலத்தில், சிம்கோ ஏரியின் பனிக்கட்டிமேல் மீன் பிடிக்கப் போனவருக்கு மாலையில் அது கிளம்பவில்லை. கரைக்கு நெடுந்தூரம். இருட்டிவிட்டது, காற்று. வேறு ஆட்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவருடைய மகன், பத்து வயதுப் பையன், கூட இருந்தான் என்று பிறகுதான் அறிந்தேன்.

அங்கே உயிர் காத்த அதே இரண்டாவது கஸ்கெற் இங்கே ஒரு பிள்ளையைக் குளிரில் நிறுத்தியது. கஸ்கெற்றில் பிழை இல்லை. முன்னால் இருந்த எஞ்சினைப் பார்க்காமல், நினைவில் இருந்த எஞ்சினுக்கு நான் வேலை செய்தேன். நீயும் இணையத்தில் பார்த்ததை, நண்பன் சொன்னதை, ஏன் நான் சொன்னதைக்கூட, உன் முன்னால் உள்ள எஞ்சினிடம் கேட்டுவிட்டுச் செய்.

11. கஸ்கெற் வாங்கும்போது விலையைப் பிறகு பார். முதலில் அது எங்கே இருக்கப் போகிறது, என்ன தாங்கப் போகிறது என்று பார். தலையில் இருப்பது நெருப்பையும் அமுக்கத்தையும் தாங்க வேண்டும். அதற்கு உலோகமோ, உலோகம் வைத்த கலவையோ வேண்டும், ஒருமுறை நசுங்கியதை மறுமுறை போடக் கூடாது. அடியில் இருப்பதற்கு ஒயிலைத் தடுப்பதும் உயரத்தைக் காப்பதும் வேலை. அதன் தடிப்பு ஓர் அளவு, அதையும் மைக்ரோமீற்றரால் அளந்து எழுது. பக்க மூடிக்கு நல்ல கடதாசி போதும். புகைக்குழாயின் வளையம் நசுங்குவதற்கென்றே பிறந்தது, எப்போதும் புதிது.

புதியதைப் பழையதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடி. ஒவ்வொரு துளையும் ஒன்றோடொன்று சேருகிறதா? ஒயில் மேலேறும் சின்னத் துளை பருப்பளவுதான் இருக்கும். ஒருமுறை மலிவுப் பெட்டி ஒன்றில் வந்த கஸ்கெற்றில் அந்தத் துளை அரைவாசி மூடியிருந்தது. நான் பார்க்கவில்லை. வண்டி அழகாகக் கிளம்பி, இருபது நிமிடம் ஓடி, ஒரு கீச்சுச் சத்தத்தோடு நின்றது. ஒயில் போகாத கேம் தண்டு தலையோடு சேர்ந்து உருகிப் பிடித்துவிட்டது. தலையும் கேமும் என் இரண்டு கிழமைச் சம்பளம். பெட்டி செய்தவர்மேல் பழி போட மனம் வந்தது. ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க அரை நிமிடம் போதுமாயிருந்தது, அந்த அரை நிமிடம் என்னுடையது.

சிலிக்கோன் பசையை எடுத்துக் கண்டபடி அப்பாதே. வெளியே பிதுங்குவது உன் கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கிறது. அது பிய்ந்து ஒயிலோடு போய் எங்கே அடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? புத்தகம் சொன்ன இடத்தில் மட்டும், ஒரு நூல் கோடு. கசிவுக்கு மருந்து பசை அல்ல. நேரான தளம்தான் மருந்து. நேர்கோலைச் சிலிண்டர்த் தலையின் முகத்தில் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் ஃபீலர் தகடு நுழைகிறதா பார். 0.10 நுழைந்தால் எந்தக் கஸ்கெற்றும் அதைக் காப்பாற்றாது.

12. போல்ட்டைக் குறுக்கும் மறுக்குமாக, மூன்று தடவையில், டோர்க் ரெஞ்சால் இறுக்கு. கைப்பலத்தை இங்கே காட்டாதே.

13. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகு. நீ இன்று உன் வண்டிக்குச் செய்கிறாய், நாளை ஒருவர் தன் வண்டியைக் கொண்டுவருவார். சிலிண்டரில் வெடிப்பு இருந்தால் வெடிப்பு என்று சொல். முடியாததை முடியும் என்று சொல்லி வாங்கும் காசு பையில் தங்காது. அதோடு, இந்த வேலை உனக்குப் பிடித்துப்போனால் முறையாகப் படி. ஒன்ராறியோவில் மோட்டார் சைக்கிள் தொழில்நுட்பவியலாளர் என்பது 310ஜி என்ற இலக்கத்தில் பதிவான தொழில். இங்கே வார்டனும் எக்ளின்ரனும் சந்திக்கும் பக்கம் செண்டேனியல் கல்லூரியின் ஆஷ்டன்பீ வளாகத்தில் வாகனத் தொழில்களைப் படிப்பிக்கிறார்கள். எங்கள் தலைமுறையில் கை நிறைய வேலை தெரிந்தவர்கள் கடதாசி இல்லாததால் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்து பெட்டி அடுக்கினார்கள். நானும் ஆறு வருடம் அடுக்கினேன். உனக்கு மொழியும் இருக்கிறது, வயதும் இருக்கிறது. கையில் இருப்பதைக் கடதாசியிலும் வாங்கி வை.

14. பூட்டி முடிந்த அன்றைக்கே கிளப்பாதே. ஒரு இரவு விடு. காலையில் கொப்பியோடு சுற்றி வந்து, எழுதியதையும் செய்ததையும் ஒப்பிட்டுப் பார். பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றி, வால்வு மூடியைத் திறந்து, ஒயில் மேலே வந்துவிட்டதா என்று கண்ணால் பார். வந்த பிறகு வெளியே தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பு. கராஜுக்குள் கிளப்பாதே, புகை கொல்லும். முதல் சில நிமிடம் கொஞ்சம் புகைக்கும், பூட்டும்போது தடவிய எண்ணெய் எரிவது அது. பயப்படாதே, முறுக்கவும் செய்யாதே. சூடேறியதும் நிறுத்தி, முழுக்கக் குளிர விடு. குளிர்ந்தபின் வால்வின் இடைவெளியை மறுபடி பார். முதல் சில மணி நேரம் மெதுவாக, ஆனால் ஒரே வேகத்தில் வைக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டு.

அதன்பின் ஒயிலை வடித்து, அம்மாவின் பழைய வெள்ளைக் கோப்பையில் கொஞ்சம் எடுத்து வெயிலில் பிடி. சாம்பல் நிறத்தில் மிக மெல்லிய மினுக்கம் தெரியும். புது ரிங்கும் சிலிண்டரும் ஒன்றையொன்று பழகியபோது உதிர்ந்த தூள் அது, அது இருக்கத்தான் செய்யும். விரலால் தேய்த்துப் பார். நெருடாவிட்டால் புது ஒயிலை ஊற்றிவிட்டு ஓட்டிக்கொண்டு போ. நெருடினால் ஒரு அடிகூட ஓட்டாதே. என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் வருகிறேன்.